சோற்றை விட்டால் இரத்தம் விஷமாகுமா?

மன்னார்குடி அருகிலிருந்து ஒரு வாசகர்: “வயது 48. ஆறு வருடமாகச் சர்க்கரை. தினமும் ஒரு மஞ்சள் மாத்திரை. இரண்டு மாதமாகச் சோறு, இட்லி இல்லை. நான்கு முட்டை, மீன், கீரைதான். 7 கிலோ குறைந்தேன். சிறுநீரில் நனைத்த சோதனைப் பட்டை ஊதாவாகிறது. கீட்டோன் ஏறினால் கோமா என்கிறார் மைத்துனர். நிறுத்திவிடவா?”

பட்டையின் நிறத்துக்குப் பயப்படாதீர்கள். மாவுச்சத்து வரத்து குறைந்தால் கல்லீரல் கொழுப்பை உடைத்துக் கீட்டோன் தயாரிக்கும்; மூளையும் தசையும் அதை எரித்துக்கொள்ளும். ஏகாதசிக்குப் பட்டினி கிடப்பவருக்கும் கொஞ்சம் ஊதா காட்டலாம். இன்சுலின் மதகுப்பலகை மாதிரி. அது இருக்கும்வரை இரத்தக் கீட்டோன் பெரும்பாலும் 0.5 முதல் 3 மில்லிமோலுக்குள் நிற்கும். பலகை பெயர்ந்தால் 10-ஐயும் தாண்டி இரத்தம் அமிலமாகும். மைத்துனர் சொல்வது அந்த உடைப்பை.

வெயிலில் வயலில் நின்றுவிட்டு வந்தாலே நீர் வற்றிப் பட்டை கறுக்கும். “ஊதா அடர்ந்தால் கொழுப்பு கரைகிறது” என்று மாதக் கட்டணம் வாங்கும் வாட்ஸ்அப் ஆலோசகர்களை நம்பாதீர்கள். அவர்கள் விற்கும் கீட்டோன் பவுடர் கீட்டோன் அளவைத்தான் ஏற்றும், உங்கள் தொப்பையைத் தொடாது.

முட்டையை எண்ணி எழுதிய நீங்கள் மாத்திரையின் பெயரை எழுதவில்லையே! மஞ்சளில் எத்தனையோ உண்டு. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று, பெயர் ‘கிளிஃப்ளோசின்’ என முடிகிறதா? (ஓஃப்ளாக்சசின் வேறு, அது கிருமிக்கு.) இந்த வகை சர்க்கரையைச் சிறுநீரில் தள்ளிவிடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துதான். 2020-இல் டாபாகிளிஃப்ளோசின் காப்புரிமை முடிந்து விலை இறங்கியதும் எல்லோர் சீட்டிலும் ஏறிவிட்டது. ஆனால் “சோறு சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்க, இரண்டு நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கும் மருத்துவர்களான எங்களில் எத்தனை பேருக்கு நேரமிருக்கிறது?

இந்த மாத்திரையோடு சோற்றையும் அடியோடு நிறுத்தினால் இன்சுலின் மிகவும் தாழ்ந்து, மதகு பெயரலாம். அப்போதும் மீட்டர் காட்டிக்கொடுக்காது. வழக்கமாகக் கீட்டோனால் இரத்தம் அமிலமாகும்போது சர்க்கரை 250-க்கு மேல் போகும். இதில் 170-இலேயே நிற்கலாம். வாந்தியோடு போன ஒருவருக்கு மீட்டரைப் பார்த்து, “சர்க்கரை நன்றாக இருக்கிறது, வாயு” என்று ஊசி போட்டு இரண்டு இடத்தில் திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில்தான் இரத்தக் கீட்டோன் பார்த்தார்கள்.

பெயர் அப்படி முடிந்தால் இன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை மூன்று வேளையும் அளவாகச் சோறு சாப்பிடுங்கள். மாத்திரையின் பெயர் அப்படி முடியவில்லை என்றால் இப்போதைய உணவைத் தொடரலாம். ஆனால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மீட்டர் என்ன காட்டினாலும் இரத்தக் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். கையில் அந்த அட்டை இருக்கட்டும்.