குடும்ப மரத்தில் மரபணுவைத் தேடுவது எப்படி? கேள்வி பதில்

முதுகலை மாணவி: நோயும் ஒரு மரபணு அடையாளமும் குடும்பத்தில் சேர்ந்தே கடத்தப்படுகின்றனவா என்று பார்க்கும் பிணைப்புப் பகுப்பாய்வில் லாட் மதிப்பு (சான்று எத்தனை மடங்கு என்பதன் பத்தடிமான மடக்கை) 3, அதாவது ஆயிரம் மடங்கு சான்று வேண்டும் என்கிறார்கள். மற்ற துறைகளில் 5 சதவீதப் பிழையை ஏற்கிறோமே, இங்கு மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

பதில்: இங்கும் கிட்டத்தட்ட அதே 5 சதவீதம்தான். நோய் மரபணுவும் நீங்கள் எடுத்த மார்க்கரும் (ஆளுக்கு ஆள் வேறுபடும் மரபணு அடையாளம்) எந்தக் குரோமோசோமிலும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே கடத்தப்படும் அளவுக்கு அருகருகே இருக்கும் வாய்ப்பு தொடக்கத்தில் சுமார் ஐம்பதில் ஒன்றுதான். ஆயிரம் மடங்கு ஆதரவை அதனோடு பெருக்கினால் மிஞ்சுவது இருபதுக்கு ஒன்று என்ற சாதகம், அதாவது பிழைக்குச் சுமார் 5 சதவீத வாய்ப்பு. இது மரபியலாளர் நியூட்டன் மார்ட்டன் 1955இல் வைத்த எல்லை.

நிரலாளர்: பெரிய குடும்பத்தை உள்ளிட்டால் கணினி நின்றுவிடுகிறது.

பதில்: உங்கள் மென்பொருள் எந்த முறையில் இயங்குகிறது என்று பாருங்கள். எல்ஸ்டன்–ஸ்டூவர்ட் முறை (1971) மரத்தைக் கிளை கிளையாகச் சுருக்கும். ஆட்கள் பெருகினாலும் தாங்கும், மார்க்கர்கள் பெருகினால் திணறும். லேண்டர்–கிரீன் முறை (1987) இதற்கு நேர்மாறு. இரண்டுமே பெருகினால் தற்செயலாக மாதிரிகளை எடுத்து மதிப்பிடும் மான்டி கார்லோ மாதிரியெடுப்புதான் வழி.

தென்மாவட்ட வாசகர்: எங்கள் வீட்டில் அத்தை மகன், தாய்மாமன் திருமணங்கள் தலைமுறையாக நடக்கின்றன. பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகள் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பம் ஆய்வுக்குப் பயன்படுமா?

பதில்: மிகவும் பயன்படும். பெற்றோர் உறவினரானால், அரிதான ஒடுங்கு நோய்க்கு (மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய்) காரணமான இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையரிடமிருந்து குழந்தைக்கு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஆகவே நோயுற்ற பிள்ளையின் ஜோடிக் குரோமோசோம்கள் இரண்டும் நீண்ட தூரத்துக்கு ஒன்றுபோலவே இருக்கும் பகுதியைத் தேடுகிறோம். லேண்டரும் பாட்ஸ்டீனும் 1987இல் முன்வைத்த வழி இது. அதன் கணக்கு எனக்கு மிகவும் பிடிக்கும். அத்தை மகனை மணந்தவரின் குழந்தைக்கு ஓர் இடம் தற்செயலாக அப்படி அமையும் வாய்ப்பு 16இல் 1. எனவே அப்படியொரு குழந்தை நல்ல நிலையில் 16 மடங்கு சான்று தரும், லாட் 1.2. தாய்மாமனை மணந்திருந்தால் அந்த வாய்ப்பு 8இல் 1, லாட் 0.9தான். உறவு நெருங்க நெருங்கச் சான்று குறைகிறது, ஏனென்றால் ஒன்றுபோன்ற பகுதிகள் தற்செயலாகவே நிறைய அமைந்துவிடுகின்றன.

பல குடும்பங்களின் மதிப்புகளைக் கூட்டிவிட ஆசை வரும். காது கேளாமைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் காரணமாகலாம், குடும்பத்துக்குக் குடும்பம் அது வேறாக இருக்கலாம் என்பதால் அது ஆபத்து. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: தாத்தா, பாட்டி காலத்து உறவு முறைகளையும் ஆய்வாளரிடம் சொல்லுங்கள். உறவினரை அந்நியராக வரைந்துவிட்டால் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

மருத்துவ மாணவர்: லாட் 3ஐத் தாண்டிய முடிவு எப்போதாவது பொய்த்திருக்கிறதா?

பதில்: பொய்த்திருக்கிறது. பென்சில்வேனியாவின் ஆமிஷ் சமூகத்தில் இருமுனை மனக்கோளாறு 11ஆம் குரோமோசோமோடு பிணைந்திருப்பதாக 1987இல் அறிவித்தார்கள். நோயற்றவர்களாகக் குறித்திருந்த இருவர் பின்னர் நோயுற்றனர். மரத்தில் புதிய கிளைகளும் சேர்ந்தன. 1989இல் மறுபடி கணக்கிட்டபோது சான்று கரைந்துவிட்டது. ஹண்டிங்டன் என்னும் பரம்பரை நரம்பு நோயிலோ, வெனிசுவேலாவின் மரகைபோ ஏரிக்கரைக் குடும்பங்களின் உதவியோடு 1983இல் 4ஆம் குரோமோசோமில் கிடைத்த தடயம், 1993இல் மரபணுவிடமே கொண்டு சேர்த்தது. அங்கே காரணம் ஒரே மரபணு, நோயும் தெளிவாக அடையாளம் தெரிவது. மனநோய்களில் யார் நோயுற்றவர் என்ற தீர்ப்பிலேயே தடுமாற்றம் இருக்கிறது. என்னைக் கேட்டால், சமன்பாட்டைவிட அந்தத் தீர்ப்புக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

செவிலியர்: ஒடுங்கு நோயில் பிள்ளைகளில் கால் பங்குதானே பாதிக்கப்பட வேண்டும்? எங்களிடம் வரும் குடும்பங்களில் பாதிக்கு மேல் பாதிக்கப்பட்டிருக்கிறார்களே.

பதில்: வராத குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள். பெற்றோர் இருவரும் நோய்க்கடத்திகளான (பழுதான பிரதி ஒன்றை மட்டும் சுமக்கும், நோயற்றவர்களான) 16 குடும்பங்கள், வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் என்று கொள்வோம். 32 பேரில் 8 பேர் நோயுற்றவர்கள். ஆனால் 9 வீடுகளில் ஒருவருக்கும் நோய் இல்லை. அவர்கள் மருத்துவமனைக்கே வருவதில்லை. மற்ற 7 வீடுகளின் 14 பிள்ளைகளில் 8 பேர், 57 சதவீதம். நோயுற்ற ஒவ்வொருவரையும் விலக்கிவைத்து, அவருடன் பிறந்தவரை மட்டும் எண்ணுங்கள். ஆறு வீடுகளில் உடன்பிறந்தவருக்கு நோய் இல்லை. ஏழாவது வீட்டில் இருவருமே நோயுற்றவர்கள் என்பதால் அது இரண்டு முறை கணக்கில் வரும். ஆக 8இல் 2, கால் பங்கு.