தொடைத் தசை உண்மையில் மெலிந்ததா?

கேள்வி: முழங்கால் சத்திரசிகிச்சை செய்துகொண்ட என் அப்பாவுக்கு வயது 68. அவருடைய தொடைத் தசையின் தடிப்பு, சுன்னாகத்தில் எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கானில் 21 மில்லிமீற்றர் என்றும், மூன்று வாரங்களின் பின் யாழ்ப்பாண நகரில் எடுத்ததில் 17 என்றும் வந்துள்ளது. தெரிந்த ஒருவர் கொழும்பில் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தருவதாகவும், அதுவரை புரத மா கொடுக்கும்படியும் சொல்கிறார். என்ன செய்யலாம்? (கோண்டாவில் வாசகி)

பதில்: முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பின் நடமாட்டம் குறைவதால் தொடையின் முன்பக்கத் தசை மெலிவது வழக்கம். உங்கள் தந்தையாருக்கும் அது நேர்ந்திருக்கலாம். ஆனால் கையிலுள்ள இரண்டு எண்களைக் கொண்டு அதை உறுதிப்படுத்த முடியாது. இரண்டும் தொடையில் ஒரே இடத்தில் எடுத்தவைதாமா என்பதே அந்த அறிக்கைகளில் இராது. இந்தத் தசை முழங்காலை நெருங்க நெருங்க மெல்லியதாகும் என்பதால், புரோப்பை (தோலில் வைத்துப் பிடிக்கும் ஸ்கான் கருவியின் முனையை) சற்றுக் கீழே வைத்தாலே எண் குறையும். அழுத்திப் பிடித்தால் தசை நசுங்கி மேலும் குறையும். சரித்துப் பிடித்தாலோ, கால் இறுகியிருந்தாலோ கூடும். பேருந்தில் வந்து இறங்கியவுடன் எடுத்த அளவும், பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருந்தபின் எடுத்த அளவும்கூட ஒன்றாக இருப்பதில்லை.

இதை அறிந்தவர்கள் இதை வைத்தே பிழைக்கிறார்கள் என்பதுதான் எனக்குள்ள பெரிய கவலை. முதல் ஸ்கானில் புரோப்பை நன்றாக அழுத்தியும், மா விற்ற பிறகு ஜெல்லைத் தாராளமாக இட்டு மெதுவாக வைத்தும் அளந்தால், ஒரு கரண்டி மா உண்ணாதவருக்கும் தசை வளர்ந்ததாகப் படம் காட்டலாம். ஆகவே, பொருளை விற்பவரே ஏற்பாடு செய்யும் ஸ்கானை ஏற்காதீர்கள். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள் என்று தெரிந்தால் கொழும்புப் பயணத்தையும் சேர்த்துப் பேசும் தரகர்கள் உண்டு. அவர்களிடம் இந்த எம்.ஆர்.ஐ.யை எந்த வைத்தியர் எழுதித் தந்தார் என்று மட்டும் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. தசையின் குறுக்குப் பரப்பை மிகத் துல்லியமாகக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும் அடுத்த முறையும் அதே மட்டத்தில் எடுக்காவிட்டால் அதுவும் ஒப்பிட உதவாது. சி.ரி. ஸ்கானைத் தசை அளக்கவென்றே எடுக்கவேண்டாம், கதிர்வீச்சு உண்டு. இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது. புற்றுநோய் போன்ற வேறு காரணத்துக்காக வயிற்றுக்கு ஏற்கெனவே சி.ரி. எடுத்திருந்தால், மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலுள்ள படத்திலிருந்தே உடலின் தசைப் பரப்பைக் கணிக்கலாம். புதிதாக எடுக்கத் தேவையில்லை. ஆனால் அதற்கு அச்சிட்ட தாள் போதாது, படங்கள் பதிந்த இறுவட்டு வேண்டும். சாயமருந்து ஏற்றிய படத்தில் தசையின் அடர்த்தி மாறித் தெரியும் என்பதால், ஒரு முறை சாயத்தோடும் மறுமுறை சாயமின்றியும் எடுத்தவற்றின் அடர்த்தியை ஒப்பிடவும் கூடாது. உங்கள் தந்தையாருக்கு அப்படியொரு படம் இல்லையென்றால் இதை விட்டுவிடுங்கள்.

எழுதிக் கொடுக்கும் துண்டில் ‘தொடை ஸ்கான்’ என்று இரண்டு சொல் மட்டும் இருப்பதையும், அறிக்கையில் எங்கே, எப்படி அளந்தார்கள் என்ற ஒரு வரிகூட இல்லாதிருப்பதையும் காணும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அந்த ஒரு வரியை எழுத அரை நிமிடம் போதும். ஆகையால் நீங்களே கேட்டு எழுதுவியுங்கள்: இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் இடைப்பட்ட தூரத்தின் நடுப்புள்ளியை நாடாவால் அளந்து குறிக்கட்டும், மூன்று தடவை எடுத்துச் சராசரியை எழுதட்டும். ஆறு முதல் எட்டு வாரங்களின் பின் அதே நிலையத்தில், இயலுமானால் அதே வைத்தியரிடம், அதே காலின் தொடையை மீண்டும் காட்டுங்கள். அதற்கு முந்திய இரண்டு நாளும் கடுமையான காற்பயிற்சி வேண்டாம், தசை வீங்கியிருக்கும்.

அதுவரை உடற்பயிற்சிச் சிகிச்சையாளர் தந்த பயிற்சியை நிறுத்தாதீர்கள். தடிப்பைவிடப் பலமே முக்கியம் என்பதால், அறுவை செய்த வைத்தியர் அனுமதித்த பின், கதிரையிலிருந்து கைகளை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து அமர எவ்வளவு நேரமாகிறது என்று வாரமொருமுறை குறித்துவையுங்கள். ஆசிய நாடுகளுக்கான 2019 வழிகாட்டலின்படி 12 செக்கன் அல்லது அதற்கு மேல் என்றால் அது குறைந்த இயக்கத்திறன். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்த முதல் மாதங்களில் அந்த எல்லையைவிட, வாரத்துக்கு வாரம் நேரம் குறைகிறதா என்பதையே பாருங்கள். குறையாவிட்டால், அந்தக் குறிப்போடு வைத்தியரிடம் செல்லுங்கள்.