பத்து மதிப்பெண் வாங்கிய தப்பான நிரூபணம்

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு கணிதம் படிக்கிறேன். இரண்டு ஒற்றைப்படை எண்களின் கூட்டுத்தொகை இரட்டைப்படை என்று நிறுவ வேண்டும். இரண்டையும் 2க+1 என்று வைத்துக் கூட்டினேன். 4க+2 வந்தது, அது இரட்டைப்படை. கல்லூரியில் விடைத்தாள் திருத்த வைத்திருக்கும் செயற்கை நுண்ணறிவுத் திருத்தி பத்துக்குப் பத்து போட்டது. அதையே நிரூபணங்களைச் சரிபார்க்கும் 'லீன்' (Lean) மென்பொருளில் எழுதினால் ஏற்க மறுக்கிறது. எதை நம்புவது?

பதில்: லீனை நம்புங்கள். இரண்டுக்கும் ஒரே 'க' போட்டதால் இரண்டும் ஒரே எண்ணாகிவிட்டன. 3+3, 7+7 சரி. 3+7 உங்கள் நிரூபணத்துக்குள் வரவே இல்லை. ஒன்றை 2க+1 என்றும் மற்றதை 2ச+1 என்றும் வையுங்கள். கூட்டினால் 2(க+ச+1). முடிந்தது.

அப்புறம் அந்தத் திருத்தி ஏன் பத்து போட்டது? தேற்றம் உண்மை, முடிவும் சரி, நடை வழக்கமான நிரூபணம் போலவே இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் அது பெரும்பாலும் ஏமாந்துவிடும். 'இது சரியா?' என்று அதனிடம் கேட்காதீர்கள், தலையாட்டத்தான் பார்க்கும். 3, 7 என்று இரண்டு வெவ்வேறு எண்களை நீங்களே போட்டு ஒவ்வொரு வரியையும் ஓட்டிப் பாருங்கள்.

லீன் அப்படியில்லை, ஒவ்வொரு படியையும் விதிப்படி சோதிக்கும். ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த கூற்றைத்தான் சோதிக்கும், மனதில் நினைத்ததை அல்ல. இதில் பலர் சறுக்குகிறார்கள். குறை எண்களே இல்லாத இயல் எண்களில் (லீனில் 0, 1, 2…) 2−3 என்று எழுதினால் லீன் பிழை சொல்லாது, விடை 0 என்று வைத்துக்கொள்ளும். அதனால் கழித்தல் வரும் கூற்றில் பச்சைக்கொடி கிடைத்தாலும், நீங்கள் நிறுவ நினைத்தது வேறாக இருக்கலாம். கழித்தல் வந்தால் குறை எண்களும் அடங்கிய முழுக்களுக்கு மாறிவிடுங்கள்.

இன்னொன்று, 'சரிபார்க்கப்பட்ட விடைக் கோப்பு' என்று காசுக்கு விற்பவர்களிடம் போகாதீர்கள். லீனில் 'சாரி' (sorry) என்றொரு சொல் உண்டு. நிரூபிக்காத இடத்தில் அதைப் போட்டால் மென்பொருள் ஓர் எச்சரிக்கை மட்டும் காட்டிவிட்டு மேலே போய்விடும். நான் பார்த்த ஒரு கோப்பில் முக்கியமான படியே 'சாரி'தான்! லீன் இலவசம், பழகுவதற்கான 'இயல் எண் விளையாட்டு' என்பதும் இலவசம். சந்தா கேட்பவர் எதை விற்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

அரைப் பக்க நிரூபணத்தைப் படிக்க ஆளில்லை என்று மென்பொருள் வாங்கிப் போட்டுவிட்டு, அது போடும் மதிப்பெண்ணை யாரும் திரும்பிப் பார்க்காத ஏற்பாடு எனக்குப் பிடிபடவே இல்லை. பத்து வாங்கிய அந்தத் தாளை ஆசிரியரிடமே காட்டுங்கள். உங்களைப் போலவே ஒரே 'க' போட்டவர்கள் வகுப்பில் இன்னும் இருப்பார்கள்.