கடைக்குப் பணம் கட்டினால் திருட்டு கேஸ் முடிந்துவிடுமா?

தம்பி, மற்றவர்களுக்கும் புரிவதற்காக உங்கள் கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து ஆறு மாதமே ஆன உங்கள் அறைத்தோழர், சன்னிவேலில் ஒரு கடையின் செல்ஃப் செக்கவுட்டில் சில பொருட்களை ஸ்கேன் செய்யாமல் எடுத்து வந்து மாட்டிக்கொண்டார். முந்தைய நாட்களின் கேமரா பதிவையும் பார்த்து மொத்தம் 1,300 டாலர் என்று கணக்குப் போட்டு, ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், என்று கேஸ் போட்டிருக்கிறார்கள். கடைக்குப் பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா, ஜெயில் உண்டா என்று கேட்கிறீர்கள்.

பணம் கட்டினால் மட்டும் முடியாது. கேஸ் போட்டது கடைக்காரர் இல்லை, கலிபோர்னியா மாநிலம். நடத்துவது சாண்டா கிளாரா கவுண்டியின் அரசு வக்கீல் அலுவலகம், இங்கே டிஏ என்பார்கள். அதனால் கடையே வேண்டாம் என்று சொன்னாலும் கேஸ் நிற்காது. இன்னும் கொஞ்ச நாளில் கடையின் சார்பில் சில நூறு டாலர் கேட்டு ஒரு கடிதம் வரலாம். அது தனி சிவில் கணக்கு. அதைக் கட்டியதால் கிரிமினல் கேஸ் போய்விட்டது என்று நினைத்துக் கோர்ட் தேதியை விட்டவர்கள் உண்டு. தேதிக்குப் போகாவிட்டால் வாரண்ட்தான். எடுத்த பொருளின் விலையைத் திருப்பிக் கொடுப்பது பின்னால் பெரிய உதவியாக இருக்கும். ஆனால் எதைக் கட்டுவதானாலும் வக்கீலிடம் கேட்டுவிட்டு, அவர் மூலம் கட்டச் சொல்லுங்கள்.

கலிபோர்னியாவில் 950 டாலர்தான் கோடு. அதைத் தாண்டினால் 'கிராண்ட் தெஃப்ட்', அதாவது பெரிய திருட்டு. ஒரே திட்டத்தோடு பல நாள் எடுத்ததென்றால் எல்லாவற்றையும் கூட்டலாம். உங்கள் நண்பர் கதை அப்படித்தான் ஆகியிருக்கிறது. ஆனால் இந்தக் குற்றத்தை ஃபெலனியாகவும் நடத்தலாம், அதைவிடச் சிறிய மிஸ்டிமீனராகவும் நடத்தலாம். ஃபெலனி என்றால் சட்டப்படி 16 மாதம், 2 வருடம் அல்லது 3 வருடம். முதல் தடவை மாட்டியவருக்கு அவ்வளவு தூரம் போவது அபூர்வம். விசாரணை, ஜூரி என்று சினிமாவில் பார்ப்பதும் பெரும்பாலும் நடக்காது. முதல் நாள் குற்றச்சாட்டை வாசிப்பார்கள், பிறகு வாய்தா, மறுபடி வாய்தா. பிரிலிமினரி ஹியரிங் என்று ஒன்று உண்டு, மேலே நடத்தப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். இதற்கிடையில் இரண்டு வக்கீல்களும் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். அநேக கேஸ்கள் அங்கேயே முடிகின்றன.

ஜெயிலைவிட எனக்குப் பயம் அந்த முடிவு எப்படி எழுதப்படுகிறது என்பதில்தான்.

2022-ல் எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பையன் இதே மாதிரி மாட்டினான். சான் ஹோசேயில் ஹெட்டிங் தெருவில் இருக்கிற கோர்ட்டுக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். முதலில் பிடித்த வக்கீல், "நோ கான்டெஸ்ட் சொல்லிவிடலாம், புரொபேஷன்தான் கிடைக்கும், பிறகு ரெக்கார்டை அழித்துவிடலாம்" என்றார். நோ கான்டெஸ்ட் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமல், ஆனால் எதிர்க்காமலும் விடுவது. புரொபேஷன் என்றால் ஜெயிலுக்குப் பதில் கோர்ட்டின் கட்டுப்பாட்டில் வெளியே இருப்பது. ஆனால் அவன் என்ன விசா என்று அந்த வக்கீல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, கோர்ட் ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்துவிட்டால், குடிவரவுச் சட்டத்துக்கு அது குற்றத்தீர்ப்புதான். நோ கான்டெஸ்ட்டும் அப்படியே. பின்னால் மாநில கோர்ட் அதை அழித்தாலும் குடிவரவு அதிகாரிகள் கணக்கில் அழியாது.

அடுத்தது ஒரே ஒரு நாள் வித்தியாசத்தின் கணக்கு. திருட்டை அவர்கள் ஒழுக்கக்கேடான குற்றம் என்ற வகையில் வைத்திருக்கிறார்கள். நாட்டுக்குள் வந்த ஐந்து வருடத்துக்குள் செய்த அப்படி ஒரு குற்றத்துக்கு, சட்டப்படி ஒரு வருடமோ மேலோ தண்டனை கொடுக்க இடம் இருந்தாலே நாடுகடத்தலாம். நீதிபதி ஒரு நாள்கூட ஜெயில் கொடுக்காமல் விட்டிருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் 2015-லிருந்து கலிபோர்னியாவில் மிஸ்டிமீனருக்கு அதிகபட்சம் 364 நாள் என்று வைத்திருக்கிறார்கள். அதே திருட்டு, ஃபெலனியாக முடிந்தால் வாழ்க்கை புரண்டுவிடலாம், மிஸ்டிமீனராக முடிந்தால் தப்பிக்க வழி இருக்கிறது.

இரண்டாவதாகப் பிடித்த வக்கீல் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வியே விசா பற்றித்தான். எட்டு மாதம் இழுத்தது. கடைப் பணம் அவர் மூலம் கட்டினோம். நீதிபதி கேஸை மிஸ்டிமீனராகக் குறைத்து, டைவர்ஷன் கொடுத்தார், அதாவது தண்டனைக்குப் பதில் சில நிபந்தனைகளை முடித்தால் கேஸை விட்டுவிடும் ஏற்பாடு. ஒரு வகுப்பும் 40 மணி நேரச் சமூக சேவையும் முடித்த பிறகு கேஸ் தள்ளுபடி. நீதிபதி மிஸ்டிமீனருக்குக் கொடுக்கும் டைவர்ஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்ளவே வேண்டியதில்லை, அதுதான் அதன் அருமை. அந்தப் பையன் இப்போது எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான். டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தில் கைதைப் பற்றிக் கேட்கும் இடத்தில் ஆம் என்றே எழுதி, சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குக் கோர்ட்டின் சான்றிட்ட நகலைக் கொண்டுபோனான்.

உங்கள் நண்பருக்கு வசதி இல்லையென்றால் பப்ளிக் டிஃபெண்டரைக் கேட்கட்டும். இலவச வக்கீல்தானே என்று குறைவாக நினைக்க வேண்டாம், அவர்கள் தினமும் அதே கோர்ட்டில் நிற்பவர்கள். ஒப்புக்கொள்வதால் விசாவுக்கு என்ன ஆகும் என்று கட்சிக்காரருக்குச் சொல்வது வக்கீலின் கடமை என்று 2010-லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. பேரம் பேசும்போது குடிவரவுப் பாதிப்பைத் தவிர்ப்பதை டிஏ தரப்பும் கருத்தில் எடுக்க வேண்டும் என்று கலிபோர்னியா சட்டமே இருக்கிறது. ஆகவே கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. கூடவே ஒரு குடிவரவு வக்கீலிடமும் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள், செலவானாலும் பரவாயில்லை. ஆங்கிலத்தில் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம், கிரிமினல் கேஸில் அதற்குக் கட்டணம் இல்லை.

கேஸ் முடியும்வரை ஊருக்கு டிக்கெட் போட வேண்டாம். நடந்ததைப் பற்றி வாட்ஸ்அப்பில் யாருக்கும் எழுத வேண்டாம், உங்களுக்கும்கூட. கோர்ட் தேதி என்றைக்கு என்று சொல்லுங்கள். பக்கத்தில்தான் இருக்கிறேன், நானும் வருகிறேன்.