தன்னைத் தானே ஆராயும் திறன் எங்கிருந்து வருகிறது?

'செய்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்கிறோமே, அது பிறவியிலேயே வருவதா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

முழுசாக இல்லை, படிப்படியாகச் சேர்வது. முதலில் 'நான்' என்ற உணர்வு வேண்டும். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் விடுவார்கள். ஒரு வயதுக் குழந்தை பெரும்பாலும் வேறொரு பாப்பாவைப் பார்த்ததுபோல் சிரிக்கும். ஒன்றரை, இரண்டு வயதில் பெரும்பாலானவை தம் மூக்கையே தொட்டுப் பார்க்கும். (1970-இல் அமெரிக்க உளவியலாளர் கார்டன் கேலப் சிம்பன்சிகளிடம் இப்படியொரு சோதனை நடத்தினார். அவையும் தேறின!)

ஆனால் முகத்தை அடையாளம் காண்பது வேறு, எண்ணத்தைக் கவனிப்பது வேறு. இரண்டாவதற்கு மொழிதான் பெரிய துணை என்பது என் கருத்து. மூன்று நான்கு வயதுப் பிள்ளை விளையாடும்போது கவனியுங்கள். 'இதை இங்க வைக்கணும்... ஐயோ, விழுந்துடுச்சு' என்று தனக்குத் தானே பேசிக்கொண்டிருக்கும். பெரியவர்கள் சொல்லித் திருத்தியதைப் பிள்ளை முதலில் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறது; அப்புறம் அதுவே சத்தமில்லாத உள்பேச்சாகிறது என்றார் சோவியத் உளவியலாளர் வைகாட்ஸ்கி. ராத்திரி படுத்தபின் 'அவரிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாதோ' என்று நாம் நடத்தும் விசாரணையின் வேர் அங்கே இருக்கிறது.

நான்கு வயதுவாக்கில் இன்னொன்றும் கைகூடுகிறது. ஒருவர் நம்புவது தவறாக இருக்கலாம், சற்றுமுன் தான் நம்பியதும் தவறாக இருந்திருக்கலாம் என்று பிள்ளைக்குப் புரிகிறது. இது இல்லாமல் சுயபரிசோதனைக்கு இடமே இல்லை.

சரி, மூளை? அவசரப்படாமல் நிதானிக்க உதவும் நெற்றிப்பக்க மூளை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருக்கிறது. பதினாறு வயதுப் பையனிடம் 'யோசிச்சுப் பார்த்தியா?' என்று கத்துவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.