கோத்தகிரியில் பயிற்சி, அமெரிக்காவில் மான் வேட்டை: டேக்டவுன் ரீகர்வ் வில்லுக்கு எந்த குயிவர்?

கேட்டவர் தந்த விவரம் இது: 60 அங்குல டேக்டவுன் ரீகர்வ் (லிம்ப் எனும் வளையும் இரு கைகளையும் கழற்றக்கூடிய வில்), இழுவிசை 45 பவுண்டு, மர ரைசர் (நடுப் பிடிப்பகுதி), வலது கைப் பழக்கம். 29 அங்குல கார்பன் அம்பு, 5 அங்குல இறகு. கோத்தகிரியில் சொந்தத் தோட்டத்தில் பயிற்சி. வேட்டை அமெரிக்காவில், உறவினரோடு, லைசென்ஸ் எடுத்து. வில்லிலேயே பொருத்தும் குயிவரில் (அம்பறாத்தூணியில்) 4 அம்புக்கானதா, 8 அம்புக்கானதா என்பது கேள்வி.

4 அம்புக்கானதை வாங்குங்கள். ஆனால் எண்ணிக்கையைக் கடைசியில் முடிவு செய்தால் போதும். குயிவர் வில்லில் எங்கே உட்காருகிறது, உங்கள் அம்பை எப்படிப் பிடிக்கிறது என்ற இரண்டும் சரியில்லையென்றால் 3 அம்புக்கானதுகூடத் தொல்லைதான்.

ரைசரின் பக்கத்தில் பித்தளை மரை பதித்த துளைகள் இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். சைட் (குறிபார்க்கும் கருவி) பொருத்துவதற்காக வைக்கும் இவற்றின் இடைவெளி வழக்கமாக 33 மி.மீ., மரை 10-24 அளவு. கப்பி வைத்த காம்பவுண்ட் வில்லுக்கு விற்கும் குயிவர் பிராக்கெட்டும் இதில் உட்காரும். உறுதியான பிடிப்புத்தான், ஆனால் முழு எடையும் இரண்டு சிறு திருகுகளில் தொங்குகிறது. திருகு நீளம் கூடினால் துளையின் அடியில் முட்டும். பிராக்கெட் இறுகியது போலத் தோன்றும், உண்மையில் தளர்வாகவே இருக்கும். அந்த நிலையில் இன்னும் ஒரு சுற்று பலம் கொடுத்தால் பித்தளை மரத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். துளையின் ஆழத்தை ஒரு தீக்குச்சியால் அளந்து, துளைக்குள் போகும் பகுதி அதைவிட 2 மி.மீ. குறைவாக இருக்கும்படி திருகு வாங்குங்கள். துளையே இல்லாத ரைசரில் நீங்களாக டிரில் போட வேண்டாம். ஒட்டுப் பலகைகளுக்கு நடுவில் எந்த மரை எங்கே ஓடுகிறது என்பது செய்தவருக்குத்தான் தெரியும்.

டேக்டவுன் வில்லுக்கு லிம்ப் போல்ட்டில் மாட்டும் வகையே என் தேர்வு. ரைசரின் மேல் முனையில் ஹூட் (அம்பு முனைகளை மூடும் கூடு), கீழ் முனையில் கிரிப்பர் (அம்பின் உடலைப் பிடிக்கும் ரப்பர்) என்று எடை இரண்டாகப் பிரிகிறது, புதுத் துளையும் தேவையில்லை. பிராக்கெட் தகடு போல்ட்டின் தலைக்கும் லிம்புக்கும் நடுவில் வர வேண்டும். லிம்புக்கு அடியில், ரைசர் பக்கமாகச் செருகினால் லிம்பின் சாய்வே மாறிவிடும், டில்லரும் (மேல், கீழ் லிம்புகளின் வளைவுச் சமநிலை) கெடும். தகடு போட்டதால் போல்ட் எத்தனை சுற்று குறைவாக உள்ளே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு சுற்றுக்கு மேல் குறைந்தால் அந்தத் தகடு தடிமன் அதிகம்; வேறு பிராக்கெட்டோ, வில் செய்தவர் தரும் நீள போல்ட்டோ தேவை. ஐ.எல்.எஃப். (லிம்புகளை மாற்றிப் பொருத்தும் பொது அமைப்பு) ரைசர் என்றால் இந்த வழியே வேண்டாம்: அங்கே போல்ட் என்பது பவுண்டையும் டில்லரையும் திருத்துவதற்கான திருகு.

லிம்பில் ரப்பர் பட்டையால் கட்டுவதும், நாணைக் கழற்றிவிட்டு லிம்ப் வழியாக உருவி ஏற்றுவதும் ஒற்றைத் துண்டு வில்லுக்கானவை. உங்களுக்கு அவசியமில்லை. எப்போதாவது லாங்போ வாங்கினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பட்டை ரைசரை ஒட்டிய, வளையாத தடித்த பகுதியில்தான் இருக்க வேண்டும். வளையும் பகுதிக்கு நகர்ந்தால், நாணை இழுக்கும்போது ஹூட்டும் கிரிப்பரும் ஒன்றையொன்று நெருங்கும். நடுவில் இருக்கும் அம்பு சுருங்காது. அதனால் ஒவ்வொரு எய்தலுக்கும் ஏதாவது ஒரு பிடி வழுக்கும், சத்தம் போடும், பட்டை மெல்ல மெல்லத் தளரும்.

கிரிப்பர்தான் பெரும்பாலோர் ஏமாறும் இடம். டிரெடிஷனல் குயிவர்கள் பலவும் மர அம்பை மனத்தில் வைத்துச் செய்தவை. மர அம்பில் பரவலானது 11/32 அங்குலம், அதாவது 8.7 மி.மீ. அலுமினிய அம்பில் 2016 என்ற ரகம் என்றால் 20/64 அங்குலம், 7.9 மி.மீ. டிரெடிஷனல் வில்லுக்கு ஓடும் வழக்கமான கார்பன் சுமார் 7.5 மி.மீ.; மெல்லிய கார்பன் 6 மி.மீ. அளவுக்கும் இறங்கும். 8.7-க்கு வார்த்த ரப்பரில் 6 மி.மீ. அம்பு நிற்கும், ஆனால் பிடிபடாது. எய்தவுடன் உள்ளே கிடக்கும் மற்ற அம்புகள் அதிர்ந்து சலசலக்கும். மான் நாண் சத்தத்துக்கே மிரளும் பிராணி. இதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாம். வெர்னியரால் அம்பின் வெளிவிட்டத்தை அளந்து, அதற்குரிய கிரிப்பரைக் கேட்டு வாங்குங்கள். பல குயிவர்களில் கிரிப்பர் ரப்பர் மட்டும் தனியாகக் கிடைக்கும். கிடைக்கும்வரை பழைய சைக்கிள் டியூபை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி அம்பு செருகும் காடியில் ஒட்டிச் சமாளிக்கலாம்.

இறுக்கம் கூடினாலும் சிக்கல்தான். டிசம்பர், ஜனவரியில் ஊட்டிப் பக்கம் உறைபனி விழும் விடியலில் ரப்பர் விறைத்துவிடும்; அம்பை உருவும்போது கிறீச்சிடும். மெழுகுவர்த்தியைக் காடியில் லேசாகத் தேய்த்தால் சரியாகும். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். ரப்பரைக் கெடுக்கும், தூசி பிடிக்கும், மலைக் குளிரில் அதுவே உறைந்து கட்டியாகிவிடும்.

கிரிப்பர் இறகின் முன்முனையிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிற்கட்டும். அதற்கும் முன்னே போனால் அம்பின் வால் ஆதரவில்லாமல் ஆடும். பின்னே வந்தால் இறகு நசுங்கும். 5 அங்குல இறகு உயரமானது, பக்கத்து அம்போடு உரசாமல் இருக்க ஒவ்வொரு அம்பையும் கொஞ்சம் திருப்பி வையுங்கள். வலது கைக்காரருக்கு அம்பு வில்லின் இடப்பக்கம் அமர்வதால் குயிவர் வலப்பக்கம் வரும். நாண் பூட்டியபின் எந்த இறகும் நாணைத் தொடக் கூடாது.

ஹூட் முழுதாக மூட வேண்டியது பிராட்ஹெட்டை, அதாவது கூரிய அலகு வைத்த வேட்டை முனையை. பாதி அலகு வெளியே தெரிந்தால் அந்த குயிவரை வாங்காதீர்கள். வேட்டைக்கான பிராட்ஹெட்டுக்குக் குறைந்தது 7/8 அங்குல அகலம் வேண்டும் என்று அமெரிக்காவின் பல மாநிலங்கள் விதித்திருக்கின்றன. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் அதைவிட அகலம். இரண்டு அலகு கொண்ட நான்கு பிராட்ஹெட்டுகளை ஒரே திசையில் திருப்பி வைத்தால் சிறிய ஹூட்டில் அடங்கும். மூன்று அலகு என்றால் அடங்காமல் போகலாம், கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். தோல் ஹூட் அழகுதான், ஆனால் உள்ளே கெட்டியான பிளாஸ்டிக் கிண்ணம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலகு தையலை அறுத்து வெளியே எட்டிப் பார்க்கும், அதன் எதிரே இருப்பது உங்கள் முகம்.

ஹூட்டுக்குள் ஃபோமா, ரப்பரா? ரப்பர். ஃபோம் மலிவு, எந்த முனையையும் பிடிக்கும். ஆனால் மூடுபனியில் நனைந்தால் இரவு முழுக்க ஈரத்தை வைத்திருக்கும். ஸ்டெயின்லெஸ் அல்லாத அலகு அதில் கிடந்தால் காலையில் துரு. குத்திக் குத்தி எடுக்கும் இடத்தில் பொடியாக உதிர்ந்து அலகில் ஒட்டவும் செய்யும். ஃபோம்தான் கிடைத்தது என்றால் அலகில் வாசலின் தடவி, வீடு வந்ததும் அம்புகளை உருவி ஹூட்டைக் கவிழ்த்து உலர விடுங்கள். பயிற்சிக்கான அலகில்லாத முனையை (ஃபீல்டு பாயின்ட்) ஒரே இடத்தில் வையுங்கள். வட்டமாகத் துளைத்த ஃபோமில் பிறகு அலகு நிற்காது.

கோத்தகிரியில் அக்டோபர், நவம்பர் மழை இறகுக்கும் எதிரி. நனைந்த இறகு படிந்துவிடும், அம்பின் வாலும் கனக்கும். இறகுக்குப் பதிலான பிளாஸ்டிக் வேனுக்கு மாறலாமே என்று தோன்றும், ஆனால் ஷெல்ஃபில் (ரைசரில் அம்பு படியும் வெட்டில்) வைத்து எய்யும் வில்லில் வேன் முட்டி அம்பைத் தள்ளிவிடும். இறகுக்கான நீர்விலக்கிப் பொடி போடுங்கள், நடக்கும்போது வாலுக்கு ஒரு நைலான் உறை மாட்டுங்கள். படிந்துபோன இறகைக் கெட்டில் ஆவியில் சில நொடி காட்டினால் நிமிரும்.

இப்போது எண்ணிக்கை. 500 கிரெய்ன் அம்பு ஒன்று 32 கிராம். நான்குக்கு 130, எட்டுக்கு 260 கிராம், குயிவர் தனி. எடையைவிட அது இருக்கும் இடம்தான் முக்கியம்: எட்டு அம்பு குயிவரில் வெளி வரிசை வில்லிலிருந்து விலகி நிற்கும், கையை வலப்பக்கம் முறுக்கும்.  அதனால் அம்பு எடுக்கும்போது வெளியே இருப்பதை முதலில் எடுங்கள். தேயிலை வரிசைக்குள்ளும் உண்ணிச்செடிப் புதரிலும் அகல குயிவர் சிக்கும் என்பதும் உண்டு. மான் வேட்டையில் ஒரு நாளில் இரண்டாவது அம்பு தேவைப்படுவதே அரிது.

பொருத்தியபின் சோதனை. குயிவர் இல்லாமல் 15 கஜத்தில் ஆறு அம்பு, காலி குயிவரோடு ஆறு, நிறைத்து ஆறு. குழு எங்கே நகர்கிறது என்று குறித்துக்கொண்டு, வேட்டையில் எப்படிப் போவீர்களோ அப்படியே, அதே எடை முனைகளோடு நிறைத்த குயிவரில் பழகுங்கள். சத்தம் வந்தால் ஹூட், கிரிப்பர், தண்டு, திருகு என்று ஒவ்வொன்றாகக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவரை எய்யச் சொல்ல வேண்டாம், விரல் போகும். ஒவ்வொரு இடத்திலும் துணித் துண்டு செருகி எய்து பாருங்கள்; எதில் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. காட்டெருமை தோட்டத்துக்குள் வரும் ஊர் அது. இலக்குக்குப் பின்னால் மண்சுவரோ மேடோ இல்லாமல் எய்யாதீர்கள்.

இந்தியாவில் பிராட்ஹெட்டைக் குயிவரில் ஏற்றவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதன் விளக்கத்திலேயே வில்லும் அம்பும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 31-ஆம் பிரிவின்படி, எழுத்து மூலமான முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. தேசியப் பூங்காவுக்கும் இது பொருந்தும். வேட்டை என்பதில் முயற்சியும் அடங்கும். விமானம் பெங்களூரிலிருந்து என்றால், அங்கே போக கூடலூர், தெப்பக்காடு வழிச் சாலை முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் உள்ளே போகிறது; திம்பம் வழிச் சாலை சத்தியமங்கலம் காட்டுக்குள் போகிறது. சாலையில்தானே போகிறேன் என்று சோதனைச் சாவடியில் வாதாடுவதைவிட மேட்டுப்பாளையம், கோவை, சேலம் வழியாகச் சுற்றிப் போங்கள். லிம்பைக் கழற்றி, குயிவரைத் தனியே எடுத்து, எல்லாவற்றையும் பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து செக்-இன் பேக்கேஜில் அனுப்புங்கள். பிராட்ஹெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். இங்கே பழகிய ஃபீல்டு பாயின்ட் 125 கிரெய்ன் என்றால் அதையும் 125-ஆகவே வாங்குங்கள். வேட்டைக்குப் போகுமுன் அந்த அலகுகளோடு குயிவரை நிறைத்து, ஹூட் முழுதாக மூடுகிறதா என்று மறுபடி பார்த்துவிடுங்கள்.