சமூக ஊடகம் பார்ப்பதால் மறதி வருமா? வயதுக்கு வயது மாறுமா?

இங்கே மறதி என்பது சாவியை எங்கே வைத்தோம், யாருக்குப் போன் செய்ய இருந்தோம் என்று தடுமாறுகிற அன்றாட மறதி.

ஒரு விஷயம் நினைவில் தங்க, முதலில் அதைக் கவனிக்க வேண்டும். கைப்பேசியில் ரீல்ஸ் தள்ளிக்கொண்டே பேச்சைக் கேட்டால் கவனம் துண்டாகிவிடும். குழாயடியில் குடத்தை அடிக்கடி நகர்த்தினால் தண்ணீர் வெளியில்தான் கொட்டும். குடத்தில் ஓட்டை இல்லை, தண்ணீர் உள்ளே போகவேயில்லை. பல நேரம் ‘மறதி’ என்பது இதுதான்.

மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில் 25 முதல் 75 வயது வரையிலானவர்கள் 8 நாட்கள் தங்கள் அனுபவத்தைத் தெரிவித்தார்கள். சமூக ஊடகத்தை அதிகம் பார்த்த நாளிலும் மறுநாளிலும் மறதி கூடியிருந்தது. ஆனால் முந்தின நாள் மறதி, மறுநாள் ஊடகப் பயன்பாட்டைக் கூட்டவில்லை. அதற்காக ஒன்றுதான் இன்னொன்றுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. தூக்கம், மனச்சோர்வு எல்லாம் நடுவில் இருக்கலாம்.

முதியவர்கள் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. தேவையில்லாததை ஒதுக்கும் திறன் வயதோடு குறைவதால் கவனச்சிதறல் அவர்களை அதிகம் பாதிக்கும், சரி. ஆனால் அரிசோனா பல்கலைக்கழகத்தில் முதியவர்களுக்குப் புதிதாக ஃபேஸ்புக் கற்றுக்கொடுத்தபோது, மனதில் உள்ள தகவலை உடனுக்குடன் புதுப்பிக்கும் திறன் மேம்பட்டது. ஆகவே தாத்தா பாட்டியிடமிருந்து போனைப் பிடுங்காதீர்கள், பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

அப்புறம், இந்த அன்றாட மறதியை டிமென்ஷியா என்ற மறதிநோய் என்று பலர் பயப்படுகிறார்கள். சாவியை வைத்த இடம் மறப்பது வேறு, பழகிய தெருவிலேயே வழி தவறுவது வேறு. இரண்டாவது போல நடந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.